காவலரைக் கள்வரென்ற காலம்

சரித்திரம் என்றால் மன்னர் எழுப்பிய கோட்டைகளும், படைகள் மோதிய களங்களும், முடி பெற்றோர் முடி இழந்தோர் வரிசையுமே என்று நம்மிற் பலர் எண்ணிக்கொண்டிருக்கின்றனர். பள்ளிக்கூடத்துப் பாடநூல்களும் நமக்கு அவ்வாறே கற்பித்தன. ஆயின், மண்ணில் நடந்த போர்களுக்கெல்லாம் முற்பட்டதும், இன்றும் ஓயாததும், நம் ஒவ்வொருவர் தோலுக்குள்ளும் இராப்பகலாக நடப்பதுமாகிய ஒரு போர் உண்டு. அப்போரில் நமக்காக மாண்டுபோகும் வீரர்க்கு நடுகல் இல்லை, பரணி இல்லை. அவர்கள் நமக்காகவே போரிடுகின்றனர் என்பதை உலகம் ஒப்புக்கொண்டு இன்னும் நூற்றைம்பது ஆண்டுகள்கூட ஆகவில்லை.

தோட்டத்தில் உழைப்போர்க்குச் சீழ் என்பது புதிய பொருளன்று. செபராங் பிறையின் செம்பனைத் தோட்டங்களில் மட்டை முள் காலில் ஏறாத தொழிலாளி ஒருவரேனும் உண்டோ? முள் ஏறிய இடம் சிவக்கின்றது, வீங்குகின்றது, சுடுகின்றது, விண்ணென்று தெறிக்கின்றது. இரண்டொரு நாளில் வெண்மஞ்சள் நிறமாய் ஒரு நீர் திரளுகின்றது. செக்ரோல் எழுதும் கிராணிமாராகிய நாம் அத்தகையோர் பெயருக்கு எதிரே, வேலைக்கு வரவில்லை என்று ஒரு குறி இட்டுவிட்டு அப்பாற் செல்கின்றோம். புண்ணுற்றவரோ அதனைக் கெட்ட இரத்தம், கெட்ட நீர் என்று முகஞ்சுளித்துத் துடைத்தெறிகின்றார். அஃது உண்மையில் யாது? அவரைக் காக்க ஓடிவந்து, பகைவனொடு பொருது, அவ்விடத்திலேயே உயிர்விட்ட வெள்ளணுக்களின் பிணக்குவியலே அது. நாம் அருவருக்கும் சீழ், நமக்காக நடந்த ஒரு போரின் எச்சம்.

பாண்டியன் ஆராயாது கோவலனைக் கள்வன் என்று கொன்றான். பின்னர் உண்மை உணர்ந்து தானும் மாண்டான் என்று சிலப்பதிகாரம் கூறும். கற்றறிந்த ஐரோப்பிய மருத்துவ உலகமும் இவ்வெள்ளணுக்கள் திறத்து ஏறக்குறைய அவ்வாறே தீர்ப்புக் கூறியிருந்தது. காவலரைக் கள்வர் என்றது. கள்வர்க்குத் துணைபோவோர் என்றது. அத்தீர்ப்பு எவ்வாறு மாறிற்று என்பதும், அதனை மாற்றியவரிடம் சென்று பயின்ற நம் பினாங்கு நகரத்துப் பிள்ளை ஒருவர் பின்னர் என்ன செய்தார் என்பதும் நாம் அறியவேண்டிய சரித்திரமாகும்.

முதலில், குருதியின் இயல்பைச் சிறிது காண்போம். கடுகினும் சிறியதாகிய ஒரு கன மில்லிமீட்டர் குருதியில் ஏறக்குறைய ஐம்பது லட்சம் செவ்வணுக்கள் உள்ளன. அதே அளவில் வெள்ளணுக்களோ 4,000 முதல் 11,000 வரைதான். செவ்வணுக்கள் மூச்சுக்காற்றைச் சுமக்கும் கூலிகள். அவற்றின் தொழில் விளங்கிவிட்டது. ஆனால் நிறமற்று, நிலையான உருவமற்று, ஊர்ந்து திரியும் இவ்வெள்ளணுக்கள் எதற்கு என்பது நெடுங்காலம் விளங்கவில்லை. 1840-களில் இங்கிலாந்தில் அடிசன், வாலர் என்னும் இருவர், இவை குழாய்ச் சுவரைக் கடந்து வெளிவருவதைக் கண்டு எழுதினர். 1867-ம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் கோன்ஹைம் என்பவர், உயிருள்ள தவளையின் குடலைத் தாங்கும் மெல்லிய சவ்வினை உருப்பெருக்கியின் கீழ் விரித்துவைத்து, அதனைப் புண்படுத்தி நோக்கினார். வெள்ளணுக்கள் ஒவ்வொன்றாய்க் குழாயின் சுவரில் ஒட்டி, நசுங்கி நெளிந்து வெளியேறி, புண்பட்ட இடத்தில் குழுமிச் சீழாவதை அவர் தெளிவுற எடுத்துக் காட்டினார்.

கண்டது சரி, கொண்ட பொருள்தான் பிழை. அக்காலத்தே நோய்களுக்குக் காரணம் கிருமிகள் என்னும் கொள்கை வலுப்பெற்று வந்தது. நோயுற்ற உடலின் வெள்ளணுக்களைச் சோதித்தபோது அவற்றின் வயிற்றுக்குள் கிருமிகள் இருக்கக் கண்டனர். உடனே, ‘கிருமிகள் இவற்றினுள் புகுந்து வளர்கின்றன, இவை அவற்றைச் சுமந்துசென்று உடலெங்கும் பரப்புகின்றன’ என்று மருத்துவ நூலார் பலர் முடிவு கட்டினர். திருட்டுப்போன வீட்டில் கள்வனை இறுகப் பிடித்துக்கொண்டு நிற்கும் காவலனைக் கண்டு, இவனும் அவனும் கூட்டாளிகள் என்று சொன்னது போலாயிற்று இது.

இத்தீர்ப்பினைப் புரட்டியவர் ஒரு மருத்துவர் அல்லர் என்பது நாம் ஊன்றி நோக்கத் தக்கது. இலியா மெச்னிகாவ் என்னும் அவர் 1845-ம் ஆண்டில், இன்றைய உக்ரேன் நாட்டில் கார்கோவ் நகருக்கு அருகே பிறந்தவர், விலங்குநூல் வல்லவர். ஒடெஸ்ஸாப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்தார். 1881-ம் ஆண்டில் ருஷியச் சக்கரவர்த்தி கொலையுண்ட பின் கல்விக்கழகங்களில் அடக்குமுறை மிகுந்தது. அதனைப் பொறாத மெச்னிகாவ் 1882-ம் ஆண்டில் பதவியைத் துறந்து, இத்தாலிய நாட்டின் சிசிலித் தீவில் மெஸ்ஸினா என்னும் கடற்கரை நகரிற் சென்று தங்கினார்.

ஒருநாள் வீட்டார் அனைவரும் பழக்கிய குரங்குகளின் வித்தை காணச் சர்க்கஸுக்குப் போய்விட்டனர். அவர் மட்டும் தனித்திருந்து நட்சத்திர மீனின் குஞ்சுகளை உருப்பெருக்கியில் நோக்கிக்கொண்டிருந்தார். அக்குஞ்சுகள் கண்ணாடி போல் ஒளி ஊடுருவுவன. உள்ளே நடப்பதெல்லாம் வெளியே தெரியும். அவற்றினுள் ஊர்ந்து திரியும் அணுக்களைக் கண்டவருக்குத் திடீரென ஓர் எண்ணம் உதித்தது. உணவை விழுங்கும் தொழிலையே உடைய இவ்வணுக்கள், உடலுட் புகும் பகையையும் விழுங்கிக் காக்கும் தொழிலைச் செய்யலாகாதோ? அவ்வாறாயின், அக்குஞ்சின் உடலில் ஒரு முள்ளைச் செருகினால் அணுக்கள் அதனைச் சூழவேண்டும் அன்றோ? தோட்டத்து ரோஜாச் செடியிலிருந்து சில முட்களைக் கொய்துவந்து குஞ்சுகளின் தோலுக்கடியிற் செருகினார். அன்றிரவு அவருக்கு உறக்கமில்லை. விடிந்ததும் ஓடிச்சென்று நோக்கினார். முள்ளைச் சுற்றி அணுக்கள் படைவீரர் போல் மொய்த்துக் கிடந்தன!

இதன் நுட்பம் யாதெனில், அக்குஞ்சுகளுக்குக் குருதிக்குழாய்களே இல்லை. ஆதலின், குழாய் புண்பட்டுக் கசிந்ததனால் அணுக்கள் வெளிவந்தன என்று எவரும் வாதிட இடமில்லாது போயிற்று. அணுக்கள் தாமே நடந்து வந்தன. முள் குத்தினால் வீங்குவது நோயன்று, காவல் என்னும் உண்மை ஒரு ரோஜா முள்ளின் நுனியில் வெளிப்பட்டது. வியன்னா நகரத்து அறிஞர் கிளவுஸ் என்பவரின் யோசனைப்படி, அவ்வணுக்களுக்கு விழுங்கும் அணு எனப் பொருள்படும் கிரேக்கப் பெயர் ஒன்று சூட்டப்பட்டது. நாம் அதனை விழுங்கணு என்போம்.

மெஸ்ஸினாவுக்கு வந்த ஜெர்மானியப் பேராசிரியர் விர்க்கோ, மெச்னிகாவின் சோதனைகளைக் கண்டு ஊக்கமளித்தார். ஆயினும், மருத்துவ உலகம் இதற்கு நேர்மாறாக நம்புகின்றது, எச்சரிக்கையோடு செல்க என்றும் அறிவுறுத்தினார். 1884-ம் ஆண்டில் மெச்னிகாவ் மேலும் ஒரு சான்று காட்டினார். குளத்து நீரில் வாழும் நீர்த்தெள்ளு என்னும் சிறு பிராணியின் உடலில் ஒருவகைப் பூஞ்சையின் ஊசி போன்ற வித்துக்கள் தைக்கின்றன. அப்பிராணியின் விழுங்கணுக்கள் அவ்வித்துக்களைச் சூழ்ந்து கரைத்துவிட்டால் அது பிழைக்கின்றது. வித்துக்கள் முளைத்து முந்திக்கொண்டால் அது மடிகின்றது. இதனினும் தெளிவான போர்க்காட்சி வேறு யாது வேண்டும்?

எனினும் எதிர்ப்பு ஓயவில்லை. 1888-ம் ஆண்டில் பாஸ்டர் அவரைப் பாரிஸிலுள்ள தம் ஆராய்ச்சி நிலையத்திற்கு அழைத்து இடமளித்தார். 1916-ம் ஆண்டில் இறக்கும் வரை மெச்னிகாவ் அங்கேயே உழைத்தார். ஜெர்மானியரோ, கிருமியை வெல்வது அணுக்கள் அல்ல, குருதியின் தெளிநீரிலுள்ள மருந்துப் பொருள்களே என்றனர். 1890-ம் ஆண்டில் பேரிங், கிட்டசாட்டோ என்போர் தொண்டையடைப்பான், இழுப்புநோய் ஆகியவற்றின் நஞ்சை முறிக்கும் ஆற்றல் தெளிநீருக்கு உண்டு எனக் காட்டியதும் அக்கட்சி வலுத்தது. இருபுறத்தும் உண்மை இருந்தது. லண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையில் ஆராய்ந்த ஆல்மிராத் ரைட் என்பவர், தெளிநீரிலுள்ள பொருள்கள் கிருமியின்மேற் படிந்தால் விழுங்கணுக்கள் அதனை எளிதில் உண்கின்றன என்று 1903-ம் ஆண்டில் விளக்கினார். கறியைத் தாளித்து வைத்தால் உண்பான் விரும்பி உண்பது போல என்க. 1908-ம் ஆண்டு நோபல் பரிசு, அணுக்கட்சித் தலைவர் மெச்னிகாவுக்கும் தெளிநீர்க்கட்சித் தலைவர் எர்லிக்குக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. கட்சி பிரிந்து வாதிட்டோர் இருவரும் பாதி உண்மை உடையவராயிருந்தனர் என்பதற்கு இதனைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு அரிது.

நிற்க. மெச்னிகாவ் கண்ட காவலர், ஓடும் குருதியை விட்டு இறங்கிப் புண்பட்ட இடத்தை எவ்வாறு அடைகின்றனர்? பின்வந்த அறிஞர்கள் இதனைப் படிப்படியாக விளக்கியுள்ளனர். வெள்ளணுக்களுட் பாதிக்கு மேற்பட்டவை, முதற்போருக்கென்றே அமைந்த ஒரு வகையைச் சேர்ந்தவை. எலும்பு மச்சையில் அவை நாள்தோறும் ஏறத்தாழப் பத்தாயிரங் கோடி பிறக்கின்றன. குருதியில் அவற்றின் வாழ்வு ஒருநாளினும் குறைவு. இவையன்றி, உடலின் ஒவ்வோர் உறுப்பிலும் நிலையாகத் தங்கிய பெரிய விழுங்கணுக்களும் உண்டு. முள்ளோடு கிருமி புகுந்ததும் இந்நிலைக்காவலர் முதலில் உணர்ந்து, சில பொருள்களைக் கசிந்து அபாய அறிவிப்பு எழுப்புகின்றனர். உடனே அருகிலுள்ள நுண்குழாய்கள் விரிகின்றன, குருதி மிகுந்து பாய்கின்றது, நீர் கசிகின்றது. சிவத்தல், சுடுதல், வீங்குதல், நோதல் என்று உரோம நாட்டுச் செல்சஸ் இரண்டாயிரம் ஆண்டுகட்கு முன் எழுதிவைத்த நான்கு குறிகளும் இவ்வாறே தோன்றுவனவாம்.

ஆற்று வெள்ளத்தில் அடித்துச் செல்லப்படுபவன் ஒருவன், கரையில் நிற்கும் ஆலமரத்து விழுதுகளை ஒன்றுவிட்டு ஒன்றாகப் பற்றி, வேகம் தணிந்து, ஈற்றில் ஒன்றனை இறுகப் பிடித்துக் கரையேறுகின்றான் அல்லவா? வெள்ளணுவும் அவ்வாறே செய்கின்றது. அறிவிப்பைப் பெற்ற குழாய்ச் சுவர் தன் உட்புறத்தே சில பற்றுப்பொருள்களை நீட்டுகின்றது. ஓடிவரும் வெள்ளணு அவற்றிற் பட்டுப் பட்டு உருளுகின்றது. பின்னர், சுவரிற் படிந்த அழைப்புப் பொருளை உணர்ந்து, தன் கொக்கிகளை விறைப்பாக நீட்டி ஊன்றி நிற்கின்றது. அதன்பின், சுவரின் இரு அணுக்களுக்கிடையே உள்ள சந்தில் தன் உடலை நூல் போல் நீட்டி நுழைத்து அப்புறம் சேர்கின்றது. கோன்ஹைம் தவளையிற் கண்ட காட்சி இதுவே.

வெளிவந்த பின் வழிகாட்டுவோர் யார்? லயத்தின் ஒரு கோடியில் நிற்பவன், மறு கோடியில் எந்த வீட்டில் கருவாடு சுடுகின்றனர் என்பதைக் கண்ணால் காணாமலே, மணம் மிகும் திசை நோக்கி நடந்து அறிந்துவிடுவான். கிருமிகள் தம் உடலை ஆக்கும்போது சிந்தும் சில துணுக்குப் பொருள்களும், நிலைக்காவலர் கசியும் அழைப்புப் பொருள்களும் அம்மணம் போல்வன. வெள்ளணு அம்மணம் மிகும் பக்கமாகத் தன் உடலின் முன்புறத்தை நீட்டி, பின்புறத்தை இழுத்து ஊர்கின்றது. அதன் வேகம் நிமிடத்திற்கு மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கு அளவினதே. ஆயினும் அதன் உலகில் அஃது ஓட்டமே ஆகும். கிருமியை அடைந்ததும் அதனை அணைத்து விழுங்கி, ஒரு பைக்குள் அடைத்து, நகரசபையார் குடிநீரில் இடும் குளோரினுக்கு உறவான நஞ்சைப் பாய்ச்சிக் கொல்லுகின்றது. சில வேளை தன் உட்கருவின் நூல்களையே வெளியே உதறி வலையாக வீசிக் கிருமிகளைச் சிக்கவைப்பதும் உண்டென்று 2004-ம் ஆண்டில் பெர்லின் ஆராய்ச்சியாளர் கண்டனர்.

சீழை வெறுப்போர்க்கு நாம் ஒன்று கூறுவோம். குழாய்ச் சுவரை ஊன்றிப் பிடிக்கும் கொக்கிகள் இன்றியே பிறக்கும் குழந்தைகள் அரிதாக உண்டு. அக்குழந்தைகளின் தொப்புட்கொடி உரிய நாளில் விழுவதில்லை, புண்கள் ஆறுவதில்லை, அப்புண்களிற் சீழும் பிடிப்பதில்லை. குருதியில் வெள்ளணுக்கள் நிறைந்து வழிந்தும், கரையேற வழியின்றி அவை ஓடிக்கொண்டே இருக்கின்றன. மருத்துவம் இன்றேல் அக்குழவிகள் நெடுநாள் வாழ்வதில்லை. சீழ் இல்லாத புண் எத்துணைக் கொடிது என்பதை இதனால் அறிக.

இனி, இக்காவலர் பகைவனை அடையாளம் காண்பது எவ்வாறு? நம் உடலின் கோடானுகோடி அணுக்களை விட்டுவிட்டு, கிருமியை மட்டும் பற்றுவது எங்ஙனம்? மெச்னிகாவுக்குப் பின் ஒரு நூற்றாண்டு இக்கேள்விக்குச் செவ்வையான விடை கிடைக்கவில்லை. 1989-ம் ஆண்டில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துச் சார்லஸ் ஜேன்வே ஓர் ஊகம் வெளியிட்டார். கள்வன் சட்டையை மாற்றலாம், மீசையை மழிக்கலாம், ஆனால் கன்னக்கோலைக் கைவிட்டால் அவன் தொழில் நடவாது. அதுபோல், கிருமிகளுக்கு இன்றியமையாததும் நம் உடலில் இல்லாததுமாகிய சில அமைப்புக்கள் உண்டு. அவற்றைத் தொட்டு உணரும் உணர்விகள் நம் காவலணுக்களில் பிறவியிலேயே அமைந்திருக்க வேண்டும் என்பது அவர் கருத்து.

அவ்வூகம் மெய்யென நிலைபெற்ற கதையும் சுவையானது. பழ ஈயின் முட்டை எவ்வாறு உருப்பெறுகின்றது என்று ஆராய்ந்த ஜெர்மானிய விஞ்ஞானிகள் டோல் என்னும் மரபணுவைக் கண்டிருந்தனர். 1996-ம் ஆண்டில் பிரான்ஸ் நாட்டின் ஸ்திராஸ்பூர்க் நகரில் ஜூல் ஹாஃப்மன் குழுவினர், அம்மரபணு பழுதான ஈக்கள் பூஞ்சை நோயால் மடிவதைக் காட்டினர். மறு ஆண்டே ஜேன்வேயும் மெட்சிட்டாவும் மனிதரிடத்தும் அவ்வினத்து மரபணு உண்டெனக் கண்டனர். 1998-ம் ஆண்டில் டெக்ஸாஸில் புரூஸ் பாய்ட்லர், கிருமிகளின் வெளிச்சுவரிலுள்ள கொழுப்புச் சர்க்கரைப் பொருளை எலிகள் உணர்வது அவ்வினத்து உணர்வி ஒன்றினாலேயே என்று நிலைநாட்டினார். ஹாஃப்மனும் பாய்ட்லரும் 2011-ம் ஆண்டு நோபல் பரிசில் பங்கு பெற்றனர். ஜேன்வே 2003-ம் ஆண்டிலேயே காலமாகிவிட்டார். அழுகிய வாழைப்பழத்தை மொய்க்கும் ஈக்கும் மனிதனுக்கும் காவல்முறை ஒரே குடும்பத்தது என்பது இதனால் தெளிவாயிற்று. உயிர்களுள் மேல் கீழ் பேசித் திரியும் மனிதன் இவ்வுறவைச் சற்று எண்ணிப் பார்ப்பானாக.

மெச்னிகாவின் காலத்தில் இவையெல்லாம் தெரியா. ஆயினும் அக்காலத்தே அவருடைய ஆராய்ச்சிச் சாலைக்குச் சென்று பயின்றவர்களுள் ஒருவர் நம் பினாங்கைச் சேர்ந்தவர். சீன நாட்டிலிருந்து குடியேறிய ஒரு பொற்கொல்லரின் மகனாக, 1879-ம் ஆண்டு மார்ச்சு 10-ம் நாள் ஜார்ஜ் டவுனில் பிறந்தவர் வூ லியன் தே. பினாங்கு பிரீ ஸ்கூலிற் படித்து, 1896-ம் ஆண்டில் ராணி உபகாரச் சம்பளம் பெற்று, கேம்பிரிட்ஜிலும் செயின்ட் மேரி மருத்துவமனையிலும் மருத்துவம் பயின்றார். பின்னர் லிவர்பூலில் ரொனால்ட் ராஸிடமும், ஜெர்மனியின் ஹாலே நகரிலும், பாரிஸில் மெச்னிகாவிடமும் ஆராய்ச்சி பழகி, 1903-ம் ஆண்டில் மலாயா திரும்பினார். குடியேற்ற ஆட்சியின் மருத்துவ இலாகாவில் உயர்ந்த பதவிகள் ஆங்கிலேயர்க்கே உரியனவாயிருந்தமையின், பினாங்கில் தனித்து மருத்துவம் செய்தார். அபினி ஒழிப்பு இயக்கத்திலும் முன்னின்றார். பின் சீன அரசின் அழைப்பை ஏற்றுத் தியன்சின் நகரத்து இராணுவ மருத்துவக் கல்லூரிக்குச் சென்றார்.

1910-ம் ஆண்டின் இறுதியில் மஞ்சூரியாவில் ஒரு கொள்ளைநோய் பரவிற்று. பிடித்தவர் எவரும் பிழைத்திலர். டிசம்பர் மாதக் கடுங்குளிரில் 31 வயதினராகிய வூ, ஹார்பின் நகரை அடைந்தார். இறந்த ஒரு பெண்ணின் உடலை மறைவாக அறுத்துச் சோதித்து, இது பிளேக்கு நோயே என்றும், எலித்தெள்ளினால் அன்றி நோயாளியின் மூச்சினால் பரவும் நுரையீரற் பிளேக்கு என்றும் முடிவு செய்தார். மெல்லிய துணி மடிப்புகளுக்கிடையே பஞ்சு வைத்த முகமூடியை அனைவரும் அணிய வேண்டும் என்றார். அனுபவமிக்க பிரெஞ்சு மருத்துவர் மெஸ்னி இவ்விளைஞர் சொல்லை இகழ்ந்து, முகமூடியின்றி நோயாளிகளைப் பார்த்தார். சில நாட்களில் அந்நோயாலேயே மாண்டார்.

பிணங்களைப் புதைக்க மண் பனியால் இறுகிக் கிடந்தது. எரிப்பதோ முன்னோர் வழக்கத்திற்கு முரண். இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பிணங்கள் ஊர்ப்புறத்தே கிடந்தன. வூ பேரரசின் அனுமதியை வேண்டிப் பெற்று, 1911-ம் ஆண்டு ஜனவரி இறுதியில் அவற்றை எரித்தார். ஊரை நான்கு பகுதிகளாக்கி, பகுதிக்கொரு நிறப் பட்டை அணிவித்து, போக்குவரவைத் தடுத்தார். நோயுற்றாரோடு பழகியோரைச் சரக்கு ரயில் பெட்டிகளில் பிரித்து வைத்தார். மார்ச்சு மாதத் தொடக்கத்தில் அவ்வூரில் நோய் நின்றது. மஞ்சூரியாவில் இறந்தோர் ஏறத்தாழ 60,000 பேர். அவர் இல்லையேல் அத்தொகை எங்கே சென்று நின்றிருக்குமோ?

விழுங்கணுக்களின் ஆற்றலை அறிந்தவரிடம் பயின்ற வூ, அவற்றை நம்பி வாளாவிருக்கவில்லை. ஏன் இருந்திருக்கலாகாது என்பதற்குக் காரணம் இன்று நமக்குத் தெரிகின்றது. பிளேக்குக் கிருமி தெள்ளுப்பூச்சியின் குளிர்ந்த உடலில் இருக்கும்போது, நம் காவலர் எளிதில் உணரத்தக்க கொழுப்புச் சர்க்கரையைச் சுவரில் உடையது. மனித உடலின் சூட்டை அடைந்ததும், அப்பொருளின் அமைப்பை மாற்றிக்கொள்கின்றது. நம் உணர்விகள் அதனைச் செவ்வனே உணர்வதில்லை. உணரத்தக்க சுவரை விடாது உடைய கிருமியைச் செய்து எலிகளுக்கு ஏற்றியபோது அவை பிழைத்தன என்று 2006-ம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி காட்டிற்று. இம்மாறுவேடம் போதாதென்று, நெருங்கிவரும் விழுங்கணுவின் உடலில் ஊசி போன்ற உறுப்பால் நஞ்சு ஏற்றி, அதன் வாயையும் கட்டிவிடுகின்றது. கன்னக்கோலையும் மறைக்கக் கற்ற கள்வன் இவன்! உடற்காவல் ஏமாறும் அவ்விடத்தே, மனிதனின் அறிவு வாயிலில் நின்று காக்க வேண்டும். பஞ்சு வைத்த துணி, எரித்த சிதை, பிரித்து வைத்த ரயில் பெட்டி ஆகியவை அவ்வறிவின் படைக்கலங்கள். 2020-ம் ஆண்டில் கோவிட் நோய்க்கு அஞ்சி நாம் அனைவரும் முகமூடி அணிந்தபோது, அதன் முன்னோடி ஒன்றினை ஆக்கியவர் நம் நகரத்துத் தட்டார் மகன் என்பதை எத்தனை பேர் நினைத்தோம்? அவர் 1937-ம் ஆண்டில் மலாயா மீண்டு, ஈப்போவில் மருத்துவத் தொண்டாற்றி, 1960-ம் ஆண்டு ஜனவரியில் பினாங்கிலேயே மறைந்தார்.

தோழர்களே! இச்சரித்திரத்தால் நமக்கு ஆவதென்ன என்று கேட்பீராயின், உங்கள் கால்களைக் குனிந்து பாருங்கள் என்போம். நம் நாட்டில் நீரிழிவு நோய் பிற இனத்தாரைவிட இந்தியரிடையே மிகுதி என்று அரசாங்கச் சுகாதார ஆய்வுகள் பலமுறை காட்டியுள்ளன. குருதியிற் சர்க்கரை மிகுந்தால் வெள்ளணுக்களின் நடை தளர்கின்றது. விழுங்கும் வலியும் கொல்லும் வலியும் குன்றுகின்றன. கால் நரம்புகள் மரத்துப் போவதால், முள் தைத்ததும் புண் பழுத்ததும் உடையவனுக்கே தெரிவதில்லை. காவலர் சோர்ந்து, அபாய மணியும் ஒலியாத வீட்டில் கள்வன் என்ன செய்யமாட்டான்? சிறு முள்ளில் தொடங்கிய புண் விரலை வாங்கி, பாதத்தை வாங்கி, ஈற்றில் காலையே வாங்கிவிடுகின்றது. அப்பொழுதும் நாம் செய்வது யாது? தெய்வக் குற்றம் என்கின்றோம், செய்வினை என்கின்றோம், சாம்பலையும் மந்திரித்த எண்ணெயையும் அப்புகின்றோம், மருத்துவமனைக்குப் போகுங்காலை நாள் கடந்துவிடுகின்றது.

நமக்காக நாள்தோறும் பத்தாயிரங் கோடி வீரர் பிறந்து மடிகின்றனர். அவர்கள் நம்மிடம் பூசை கேட்கவில்லை, படையல் கேட்கவில்லை. காலில் ஒரு செருப்பு, புண்ணுக்குச் சோப்பும் தூய நீரும், தட்டில் பருப்பும் மீனும் முட்டையும், தேநீரில் சர்க்கரைக் குறைவு, ஆண்டுக்கொருமுறை ஒரு துளி இரத்தச் சோதனை, ஆறாத புண்ணுக்கு உடனே மருத்துவர் என இவ்வளவே அவர்கள் வேண்டுவது. உலகம் ஒருகாலத்தில் அறியாமையால் இக்காவலரைக் கள்வர் என்றது. அறிந்த பின்னும் அவர்களைப் பட்டினி போட்டும், சர்க்கரையில் அமிழ்த்தியும், அழுக்கிலே தனித்துப் போரிட விட்டும் நாம் வாளாவிருப்போமாயின், கள்வர் என்னும் பெயர் நமக்கே பொருந்தும்.